ஆற்று மணலில் ஒரு மீன்

“சாமி, அக்கரையில பள்ளிக்கூடம் வைக்க எனக்கு எப்பத்தான் உத்தரவு குடுப்பீங்க?” என்று கேட்டாள் செங்கமலம்.

குரு மெய்யாண்டாருக்கு அவளைவிட வயது குறைவு. அவர் ஆற்று மணலில் ஒரு முளையை அடித்தார். முளை வழியாகக் கிழக்கு மேற்காக ஒரு கோடு, தெற்கு வடக்காக ஒரு கோடு இழுத்தார். கோடுகள் மேலேயே நீளவாக்கில் ஒல்லியாக ஒரு மீன் வரைந்தார்.

“இதே மீன் அந்தக் குன்று மேலேர்ந்து பெருசாத் தெரியணும். முளையிலேர்ந்து அளந்து போடுங்கம்மா. போட்டா உத்தரவு.”

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தாள் செங்கமலம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கயிறும் சுண்ணாம்புப் பொடியுமாக இறங்கினாள்.

மதியத்துக்குள் முடிந்தது. பெருமையில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. குருவை முந்திக்கொண்டு குன்றேறினாள்.

கீழே மணலில் மீனுக்குப் பதில் ஒரு பூசணிக்காய் கிடந்தது.

“என்னம்மா செஞ்சீங்க?”

“எல்லா முனையையும் பத்து முழம் வெளியே தள்ளினேன் சாமி. மூக்கு ஆறு முழத்துல இருந்துச்சு, பதினாறாச்சு. முதுகு ரெண்டுல இருந்துச்சு, பன்னெண்டாச்சு. யாருக்கும் ஓரவஞ்சனை பண்ணல.”

“உங்க பள்ளிக்கூடத்துலயும் எல்லாருக்கும் இதே பத்து முழந்தானா?”

அவளுக்குச் சுருக்கென்றது. இறங்கிப் போனாள்.

பூசணிக்காயை அழித்தாள். நடுவில் கிடந்த சின்ன மீனையே வெகுநேரம் பார்த்தாள்.

பிறகு முளையிலிருந்து சின்ன மீனின் மூக்கு வரை கயிற்றை நீட்டினாள். அந்த நீளத்தையே ஐந்து மடங்காக்கினாள். முதுகுக்கு முதுகு வரையுள்ள நீளம், வாலுக்கு வால் வரையுள்ள நீளம். ஒவ்வொன்றுக்கும் அதனதன் ஐந்து மடங்கு.

சாயங்காலம் இருவரும் மறுபடி குன்றேறினார்கள்.

மணலில் ஒல்லியாக, நீளமாக, அசல் மீன்.

“இது நான் போட்ட மீன் சாமி.”

“கொஞ்சம் அடக்கமாச் சொல்லக் கூடாதாம்மா?”

“எதுக்கு? சரியாத்தானே போட்டிருக்கேன்.”

சொல்லும்போது அவள் குரல் பிசிறவே இல்லை. மனசு நிறைந்திருந்தது.

மெய்யாண்டார் அவளோடு கீழே இறங்கினார். பெரிய மீனுக்குள் கிடந்த தன் சின்ன மீனைக் காலால் அழித்தார்.

“ஐயோ சாமி, அது நீங்க போட்டதாச்சே.”

அவர் முளையைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார்.

“கிளம்புங்கம்மா. அக்கரை ஓடம் போயிடப் போகுது.”