சொரசொரத்த முகம்

விரல் உயரப் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டக் கற்றுக்கொள்ள, கோவையில் ரெஜினா டீச்சரின் மொட்டைமாடிக்குச் சிலர் வருவார்கள். அவர்களில் மூத்தவர் பல் டாக்டர் நாச்சிமுத்து. டீச்சருக்கே அப்பா வயது. சுத்தத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொம்மையைச் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து, க்ளினிக்கிலிருந்து கொண்டுவந்த புதுக் கையுறையை மாட்டிக்கொண்டுதான் தொடுவார். மற்றவர்கள் வெறும் கையால் தொடுவதைப் பார்த்தால் அவருக்கு உடம்பு கூசும்.

அப்படிப்பட்டவரின் பொம்மைதான் சொரசொரத்துப் போனது.

அது அவர் மகள் இளவேனிலின் உருவம். முதுகில் பை, காலில் பூட்ஸ், மலை ஏறுகிற கோலம். புகைப்படத்தைக் கொடுத்துச் செய்து வாங்கியது. வண்ணத்துக்கு முன்னால் ஸ்ப்ரே டப்பாவால் அடிக்கிற பிரைமர், மணலைத் தூவியதுபோல் முகமெல்லாம் பொரிந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு மகள் வருகிறாள்.

"எந்தக் கம்பெனி பிரைமருங்க டீச்சர் நல்லது?" என்றார் டாக்டர்.

"ஏன் கேக்கறீங்க?"

"மாத்தி மாத்தி வாங்கியாச்சுங்க. எல்லா டப்பாவும் மோசம்."

"நல்லாக் குலுக்கினீங்களா?"

"கை வலிக்கற வரைக்குங்க."

"தூரம்?"

"நீங்க சொன்ன தூரந்தானுங்க. அப்ப, இந்தக் காத்துத்தான் காரணமா இருக்கோணும்."

டீச்சர் பொம்மையை வெயிலில் திருப்பிப் பார்த்தார். "இதுக்கு இத்தனை அவசரமா?"

டாக்டர் கொஞ்சம் தயங்கினார். "பாப்பா என்கூடப் பேசறதில்லீங்க. இமயமலைக்குப் போறேன்னு நின்னா. கூட்டிட்டுப் போறவன்கிட்ட நான் தனியாப் பேசி, அவ பேரை லிஸ்ட்லருந்து எடுக்கச் சொன்னேன். அந்த ஆளு அவகிட்டயே உளறிட்டான். அவ சிநேகிதிங்க வேற ஏத்திவிட்டுட்டாங்க. இதைக் கொடுத்தாவது..."



 டீச்சர் சோதித்துப் பார்க்க இரண்டு பிளாஸ்டிக் கரண்டிகளை எடுத்தார். ஒன்றைத் தானே ஒரு குச்சியில் ஒட்டினார். மற்றதை டாக்டரிடம் நீட்டினார். டாக்டர் புதுக் கையுறை மாட்டிக்கொண்டார். கரண்டியில் தூசி இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு இன்னொரு குச்சியில் ஒட்டினார்.

"இப்ப ரெண்டுக்கும் நீங்களே அடிங்க."

அடித்தார். அதே டப்பா, அதே காற்று, அதே கை. காய்ந்ததும் குனிந்து பார்த்தார். டீச்சரின் கரண்டி வழவழவென்று இருந்தது. அவருடையது சொரசொரப்பு.

டாக்டருக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்துவிட்டது. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மோந்துகூடப் பார்த்தார்.

"டப்பா இல்லை. காத்தும் இல்லை. கரண்டிலயே ஏதாவது குறைங்களா?"

"ஒரே பாக்கெட்ல வந்தது."

"அப்புறம் எப்படிங்க?"

சுவரோரம் டீச்சரின் கறுப்பு ஹெல்மெட் கிடந்தது. "அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க."

கேள்விக்கும் ஹெல்மெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று விளங்காமலே டாக்டர் இன்னொரு புது ஜோடி கையுறையை மாட்டினார். ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

டீச்சர் அதை வாங்கி, அவர் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார்.

கறுப்பின்மேல் வெள்ளை வெள்ளையாகப் பத்து விரல்களும் பதிந்திருந்தன. கையுறை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதில் போடுகிற மாவு. பிரைமருக்கு அடியில் பொரிந்து நின்றதும் அதுதான். இத்தனை வருடமாக நாள் தவறாமல் மாட்டிக் கழற்றுகிறவர். மாவு இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன?

"சுத்தமா இருக்கட்டும், எதுவும் ஆயிடக் கூடாதுன்னுதானுங்களே போட்டேன்?"

"அதனாலதான் டாக்டர், அங்க மட்டும் நீங்க தேடவே இல்லை."

 டாக்டர் கையுறைகளை மெதுவாகக் கழற்றிக் கீழே வைத்தார். மகளின் உருவத்தை முதல்முறையாக வெறும் கையில் எடுத்தார். சொரசொரப்பு விரலில் தட்டியது. 

"இப்ப இவளை நான் என்னங்க பண்றது?"

"பெயிண்ட் எடுக்கற கரைசல்ல போட்டு வைங்க, பிரைமர் தானா விட்டு வரும்," என்றார் டீச்சர். "அவசரப்பட்டுச் சுரண்டினீங்கன்னா முகமே போயிடும்."