மாசிலாமணி கைச்சோறு

மாசிலாமணி சாகவில்லை. ஊருக்கு அதுதான் பிரச்சினை.

வௌவால் காய்ச்சல் என்று ஊர் பேர் வைத்த அந்த வைரஸ் காய்ச்சல் சுற்றுவட்டாரத்தில் ஒன்பது பேருக்கு வந்தது. ஏழு பேர் போய்விட்டார்கள். பிழைத்த இரண்டு பேரில் ஒருத்தி கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். ஊரில் மிச்சம் மாசிலாமணி மட்டும்தான். நாற்பத்தி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதி உடம்பாகத் திரும்பி வந்தார். இவரால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட ஒரு தாள் கையில் இருந்தது. தாளை யாரும் கிட்ட வந்து படிக்கவில்லை.

அவர் இருந்தது ஒரு மடத்தில். திருச்செந்தூருக்கு நடந்து போகிற பாதையில் அந்த மடம் இருக்கிறது. பெரிசாக நினைக்க வேண்டாம். ஓட்டுக் கட்டடம், கிணறு, இரண்டு அண்டா, அவ்வளவுதான். அங்கே ஒரு வழக்கம் உண்டு. நடந்து வருகிறவர்களுக்கு இலை கிடையாது, தட்டும் கிடையாது. புளிச்சோற்றைக் கையால் உருட்டி, நீட்டுகிற கையில் வைப்பார்கள். வாங்கினவர் நின்றபடியே தின்றுவிட்டு நடையைக் கட்டலாம். கைச்சோறு என்று அதற்குப் பேர். இருபத்தி இரண்டு வருஷமாக அதை உருட்டிக் கொடுத்தவர் மாசிலாமணி.

மடத்துக்குத் தலைவர் உலகாம்பாள். மாசிலாமணியை விடப் பன்னிரண்டு வயது சின்னவர். முந்தின சாமியார் கண்ணை மூடும்போது, அத்தனை வருஷம் கூட இருந்த மாசிலாமணியை விட்டுவிட்டு இந்தப் பெண்ணைத்தான் தன் இடத்தில் உட்காரச் சொன்னார். மாசிலாமணி ஒரு வாரம் முறைத்துக்கொண்டே திரிந்தார். மடக்கிவிடலாம் என்று ஒரு கேள்வி கேட்கப் போனார். பதிலைக் கேட்டு அன்றைக்கே சிஷ்யன் ஆனார். இவர் அந்த அம்மாளை அம்மா என்பார். அந்த அம்மாள் இவரை அண்ணாச்சி என்பார்.

வந்த மறுநாளே மாசிலாமணி தன் அண்டாவுக்கு முன்னால் உட்கார்ந்தார். பக்கத்து அண்டாவில் கோமு உட்கார்ந்தாள். அவளும் மடத்துச் சிஷ்யைதான், வாய் கொஞ்சம் அதிகம். அவளுக்கு எதிரே வரிசை ரோடு வரைக்கும் நின்றது. இவருக்கு எதிரே வெறும் மண்.

தூரத்து ஊர்க்காரர்கள் நாலு பேர் மட்டும் ஒன்றும் தெரியாமல் இவர் கையில் வாங்கித் தின்றார்கள். சைக்கிளில் டீ விற்கிறவர் அவர்களிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். அதில் ஒருத்தர் ரோட்டோரமாகக் குந்தி, தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தி எடுத்தார். மாசிலாமணி அதைப் பார்த்தார்.

மறுநாள் மருந்துக்கடைக்குப் போய் நீலக் கலரில் ரப்பர் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் கையுறை போட்டுக்கொண்டு கைச்சோறு உருட்டுகிற ஆளை அந்தப் பாதையில் எவனாவது பார்த்திருப்பானா? அதுவரை ஒன்றும் தெரியாமல் வந்தவர்கள் கூட, இவருக்கு என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். பதில் சொல்ல ஊரே தயாராக இருந்தது.

"ஆபரேசனுக்குப் போற மாதிரி இருக்கீங்க அண்ணாச்சி. சோறு பயந்துரப் போகுது" என்றாள் கோமு.

அவர் கையுறையைக் கழற்றி எறிந்தார். அதற்குப் பிறகும் வரிசை வரவில்லை.

ஐந்தாம் நாள் தவசிக்கனி வந்தார். மடத்துக்கு அரிசி கொடுக்கிறவர். பைக்கை வாசலுக்கு வெளியிலேயே நிறுத்தி, துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு அங்கிருந்தே பேசினார். தைப்பூசத்துக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கிறது, ஆயிரக்கணக்கில் ஜனம் வரும், மாசிலாமணியைப் பின்னால் தோட்டத்து வேலைக்குப் போட்டுவிடுங்கள் என்றார். இல்லை என்றால் இந்த வருஷ அரிசி வேறு பந்தலுக்குப் போகும் என்றார். அவர் கெட்டவர் இல்லை. செத்த ஏழு பேரில் ஒருத்தர் அவருடைய மைத்துனர்.

உலகாம்பாள் சத்தத்தை உயர்த்தவே இல்லை. "அண்ணாச்சி தானா எந்திரிச்சா எந்திரிக்கட்டும். நான் எழுப்ப மாட்டேன்" என்றார்.

"அப்போ அரிசி?"

"அது உங்க அரிசி."

தவசிக்கனி பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் மாசிலாமணி உலகாம்பாள் முன்னால் போய் நின்றார். ஐந்து நாளாக மனசுக்குள் ஒரு யோசனை வைத்திருந்தார். அதைச் சொன்னார். நாளைக்குக் காலையில், கூட்டம் இருக்கிற நேரம் பார்த்து, அம்மா வந்து மாசிலாமணி கையிலிருந்து ஒரு உருண்டை வாங்கித் தின்ன வேண்டும். அம்மாவே தின்றுவிட்டார் என்றால் ஊர் வாயை மூடிக்கொள்ளும்.

"மாட்டேன்" என்றார் உலகாம்பாள்.

மாசிலாமணி இதை எதிர்பார்க்கவில்லை.

"நான் தின்னா, அம்மாவுக்கு அருள் இருக்கு, அதான் ஒண்ணும் ஆகலைம்பாவ. உங்க கைக்கு அதுல என்ன கிடைக்கும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் இல்லை. உங்களுக்கும் பயம்."

"ஆமா."

மாசிலாமணி ஏறிட்டுப் பார்த்தார்.

"நீங்க வந்த அன்னைக்கு, நீங்க குடிச்ச தம்ளரை மூணு தடவை வெந்நீர் ஊத்திக் கழுவினேன்" என்றார் உலகாம்பாள்.

"இப்போ?"

"இப்போ ரெண்டு தடவை."

கிணற்றடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த கோமு சிரித்துவிட்டு, சிரிக்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே உட்கார்ந்தார்.

"ஊர் ஜனங்க பயம் எப்போம்மா போகும்?"

உலகாம்பாள் புளிப் பானையை எட்டிப் பார்த்தார். "காலைல பூரணம் வீட்டுக்குப் போயிட்டு வாங்க. பூசத்துக்குப் புளி வேணும்" என்றார்.

மாசிலாமணியின் முகம் மாறிவிட்டது.

பூரணம் யார் என்று சொல்லிவிட வேண்டும். அவள் குற்றாலத்தின் பெண்டாட்டி. குற்றாலம் மடத்துக்கு விறகு உடைத்தவர். காய்ச்சலில் மாசிலாமணிக்கு வலிப்பு வந்த அன்றைக்கு யாரும் கிட்ட வரவில்லை. குற்றாலம்தான் அவரைத் தோளில் தூக்கி ஆட்டோவில் போட்டார். போகிற வழியில் மாசிலாமணி அவர் சட்டை மேலேயே வாந்தி எடுத்தார். குற்றாலத்துக்கும் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாளில் இறந்தார். மாசிலாமணி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்த பிறகுதான் அவரிடம் அதைச் சொன்னார்கள்.

மடத்துக்குப் புளி எப்போதும் குற்றாலம் வீட்டு மரத்திலிருந்துதான் வரும். ஊருக்கு வந்ததிலிருந்து மாசிலாமணி அந்தத் தெருவில் கால் வைக்கவில்லை. மருந்துக்கடைக்குக் கூட வாய்க்கால் கரையைச் சுற்றிக்கொண்டுதான் போனார்.

"நான் எப்படிம்மா அங்க போவேன்?"

"நடந்துதான். நாலு தெரு."

"அவ என்ன சொல்லுவாளோ."

"எனக்குத் தெரியாது."

"பயமா இருக்கும்மா."

"ஏழு கிலோ வேணும்" என்றார் உலகாம்பாள்.

காலையில் மாசிலாமணி போனார். தெருமுனை வரை போய்விட்டு இரண்டு தடவை திரும்பினார். மூன்றாவது தடவை வீட்டு வாசலில் போய் நின்றார். பூரணம் முற்றத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். கை மட்டும் நின்றுபோனது.

என்னென்னவோ பேச வேண்டும் என்று ராத்திரி முழுக்க அடுக்கி வைத்திருந்தார். வாயில் வந்தது வேறு.

"அம்மா புளி கேட்டாவ."

பூரணம் எழுந்து உள்ளே போனாள். சாக்கில் புளியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். மறுபடியும் உள்ளே போனாள். இந்தத் தடவை ரொம்ப நேரம் வரவில்லை. போய்விடலாமா என்று மாசிலாமணி சாக்கைத் தூக்கப் போனார். அப்போது அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

சொம்பு வாயில் பட்டுவிடக் கூடாது என்று அவர் அண்ணாந்து ஊற்றினார். பாதி நெஞ்சில் கொட்டியது.

"வாய் வச்சுக் குடிங்க அண்ணாச்சி" என்றாள் பூரணம்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாய் வைத்துக் குடித்தார். காலிச் சொம்பை அவள் வெறுங்கையால் வாங்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு ரொம்பக் கனமா இருந்தீங்களாம். தோள்பட்டை வலிக்குன்னு அவிய சொல்லிட்டே இருந்தாவ" என்றாள். அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இப்போ எலும்பும் தோலுமா நிக்கீங்க."

மறுபடி உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தாள். மாசிலாமணி சாக்கைத் தூக்கிக்கொண்டு நேர் வழியிலேயே நடந்து வந்தார்.

மடத்தில் சோறு வடித்தாகிவிட்டது. கோமுவுக்கு எதிரே ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு அண்டா மூடியபடி இருந்தது. உலகாம்பாள் கிணற்றடியில் இருந்தார். மாசிலாமணி சாக்கை அவர் முன்னால் இறக்கி வைத்தார்.

"பூரணம் என்ன சொன்னா?"

"தண்ணி கொடுத்தா."

"மன்னிச்சிட்டேன்னாளா?"

"இல்லை. நானும் கேக்கலை."

உலகாம்பாள் தலையை மட்டும் ஆட்டினார். மாசிலாமணி மூடி இருந்த அண்டாவைப் பார்த்தார்.

"நான் தோட்டத்துக்கே போயிரட்டுமாம்மா? அவங்களுக்குப் பயம் போகாம நான் இங்க உட்கார்ந்து என்ன செய்ய?"

"பூரணம் வீட்டு வாசல்ல நிக்கும்போது உங்களுக்குப் பயம் போயிருந்துதா?"

"இல்லை."

"குடிக்கும்போது?"

"போகலை. இப்பவும் போகலைம்மா."

உலகாம்பாள் சாக்கை அவிழ்த்து, ஒரு கொத்துப் புளியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

"அப்போ எப்படிக் குடிச்சீங்க?"

மாசிலாமணி கிணற்றில் ஒரு வாளி இறைத்தார். கையைக் கழுவினார். போய் உட்கார்ந்து, அண்டாவின் மூடியை எடுத்தார்.