நத்தைக்கு வழவழப்பு வந்த கதை

எல்லா உயிர்களும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், நத்தையின் உடம்பில் துளி ஈரம் கிடையாது. வயிறு காய்ந்த பனையோலை மாதிரி இருக்கும். ஆனால் ஓட்டம் மட்டும் ஓணானுக்குச் சளைக்காத ஓட்டம்.

அப்போது நொய்யல் கரையில் மாரப்பன், பூவாத்தாள் என்று செக்காட்டுகிற புருஷன் பெண்டாட்டி இருந்தார்கள். கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகியும் ஒருவர்மேல் ஒருவருக்கு ஆசை குறையவில்லை. ஒருநாள் பூவாத்தாள்தான் அந்தப் பேச்சை எடுத்தாள்.

“ஏனுங் மாமா, பின்வழியிலயும் சுகம் இருக்குதாமுங்க. ஒருக்காப் பாக்கலாமுங்களா?”

மாரப்பனுக்குக் காது சிவந்துவிட்டது. “உனக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம் புள்ள.”

சம்மதம் இருந்தது, பக்குவம்தான் தெரியவில்லை. வீடு நிறைய எண்ணெய்க் குடங்கள் இருந்தும் ஒரு சொட்டுத் தொடவில்லை. எடுத்த எடுப்பிலேயே அவசரப்பட்டார்கள். பூவாத்தாள் போட்ட சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. மாரப்பன் பதறி விலகினான்.

எரிச்சல் இரண்டு நாளில் அடங்கியது. மாரப்பன் மனசு அடங்கவில்லை. ‘இவளை நோகடித்துவிட்டேனே’ என்று பாயைச் சுருட்டிக்கொண்டு செக்குப் பக்கம் போய்ப் படுத்தான். ‘நான் கேட்டதால்தானே இப்படி’ என்று அவள் உள்ளே அழுதாள். ஒரு மாசம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை.

அப்படியிருக்க ஒருநாள் காலை, வாசலில் முனகல் கேட்டது. பாறைமேல் ஓடி வயிறு கிழிந்த நத்தை ஒன்று கிடந்தது.

“அக்கா, எரியுதுக்கா!”

பூவாத்தாள் எண்ணெய் தொட்டு வெடுக்கென்று அதன்மேல் விரல் வைத்தாள். நத்தை சட்டென்று ஓட்டுக்குள் சுருங்கிக்கொண்டது. இழுத்துப் பார்த்தாள். இன்னும் இறுகியது.

“நான் வேணும்னு பண்ணலக்கா,” என்றது உள்ளிருந்து. “பயந்தா உடம்பு தானா மூடிக்குது. கொஞ்சம் பொறு.”

அவள் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து வெதுவெதுப்பாக்கி, ஓட்டின் விளிம்பில் தடவிவிட்டுக் காத்திருந்தாள். நாலு மூச்சு போனது. நத்தை தானாகவே வெளியே வந்து அவள் விரலில் வயிற்றைச் சாய்த்தது.

பூவாத்தாளுக்கு அன்றைக்கு நடந்தது ஞாபகம் வந்தது. பிறகு எழுந்து செக்கடிக்கு ஓடினாள்.

“மாமா, அன்னிக்கு என் உடம்பு பயந்து மூடிக்கிச்சுங்க. நாம பொறுக்கலீங்க. எண்ணெயும் வைக்கலீங்க.”

செக்கிழுத்த காளை நின்று திரும்பிப் பார்த்தது. “வண்டி அச்சுக்கே எண்ணெய் வுடறீங்க. இது தெரியலியாக்கும்?”

மாரப்பன் ஒரு மாசத்துக்குப் பிறகு சிரித்தான். “மறுக்கா வலிச்சா?”

“‘நில்லு’ன்னு சொல்லுவேன். சொன்னா நிக்கோணும்.”

“நின்னுருவேன் புள்ள.”

அந்த வாரம் எளிதாகச் செரிக்கிற சாப்பாடாகச் சாப்பிட்டாள். குறித்த நாளில் தானாக வெளிக்குப் போய்வந்தபிறகு வெந்நீரில் மேலோடு கழுவிக்கொண்டாள். மாரப்பன் நகத்தை ஒட்ட வெட்டி, கல்லில் தேய்த்து மழுக்கினான். பழைய வேட்டியை விரித்தார்கள். புதுத் தேங்காயெண்ணெயைப் போதும் போதும் என்கிற அளவு எடுத்துக்கொண்டார்கள். ஒருக்களித்துப் படுத்தவள் மூச்சை நீளமாக விட்டாள். வெகுநேரம் கட்டிக்கொண்டு பேச்சும் முத்தமுமாகவே போனது. பிறகு ஒரு விரல் நுனி, அவ்வளவுதான்.

“நில்லுங்க.”

நின்றான். அவள் மூச்சு இளகியது. “இப்பச் சரிங்க.”

எரிந்தால் விட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டார்கள். முதல் நாள் அதற்குமேல் போகவே இல்லை. கையைக் கழுவிவிட்டு வந்துதான் அவன் அவளை வேறெங்கும் தொட்டான். எண்ணெய் சிந்தி அவன் பாயோடு வழுக்கி விழ, இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இரண்டு மூன்று வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகியபின் ஒருநாள் வலியே இல்லாமல் கூடினார்கள். செக்கடியிலிருந்த பாய் வீட்டுக்குள் வந்துவிட்டது.

மறுநாள் பூவாத்தாள் நத்தையைத் தேடிப் பிடித்தாள். “உனக்கு என்ன வேணும், கேளு.”

“எரியாம நடக்கணும்க்கா.”

அவள் ஒரு குடம் எண்ணெயை அப்படியே அதன்மேல் கவிழ்த்தாள். நத்தை வாய்கொள்ளாமல் குடித்தது, உடம்பெல்லாம் ஊறியது. குஷியில் பழைய வேகத்தில் ஓடப் பார்த்து நாலு குட்டிக்கரணம் போட்டது.

“மெதுவாப் போடா!” என்று கணவனும் மனைவியும் ஒரே குரலில் கத்தினார்கள்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்தான் இன்றுவரை நத்தைக்கு: தன் வழியைத் தானே வழவழப்பாக்கிக்கொண்டு மெல்ல மெல்லத்தான் போகும், வெடுக்கென்று தொட்டால் சுருங்கும், பொறுத்திருந்தால் தானாக விரியும்.