நிமிர்ந்து நின்ற இறால்

கொளத்தூரில் வண்ணமீன் வளர்க்கும் பூங்கோதைக்கு முப்பது வயதுதான். அவளிடம் தொழில் பழக வந்த தெய்வசிகாமணிக்கோ அறுபது. லாரி ஓட்டி ஓய்ந்தவர். ஆனாலும் வாய் நிறைய "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

அவர் ஆசைப்பட்டது, தொட்டிப் பாசியைத் தின்னும் அமானோ இறாலைக் குஞ்சிலிருந்து வளர்த்தெடுக்க. பொல்லாத ஜாதி அது. தாய் வாழ்வது நல்ல தண்ணீரில். குஞ்சு பிழைப்பது உப்புத் தண்ணீரில். வளர்ந்ததும் மறுபடி நல்ல தண்ணீருக்கு வந்தாக வேண்டும்.

முதல் தடவை குஞ்சுகளை நல்ல தண்ணீரிலேயே விட்டார். எல்லாம் போயின. அடுத்த தடவை, பச்சைப் பிள்ளைகளைத் தனியே விட மனம் வராமல் தாயையும் சேர்த்து உப்பில் இறக்கினார். தாய் செத்தது. மனுஷன் அன்று சோறே தின்னவில்லை.

இந்தத் தடவை கொஞ்சம் தங்கின. தலைகீழாக மிதந்தபடி, உப்புத் தண்ணீரில் தூசி போல அலைந்தன. இவையும் போனால் தொழிலையே விட்டுவிடுவதென்று இருந்தார்.

"எத்தனாவது நாள் டீச்சர் நல்ல தண்ணிக்கு மாத்தணும்?"

"அதுங்களையே கேளுங்கண்ணே."

"வாயில்லாத ஜீவனாச்சே!"

"உங்களுக்குக் கண்ணு இருக்குல்ல?"

அவருக்குச் சுருக்கென்றது. ஸ்டூலை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தவர்தான், அதுவே வேலையாகிப் போனது. வீட்டில் மனைவி, "தொட்டியையே கட்டிக்கோங்க" என்றாள்.

ஒரு காலையில், மிதந்துகொண்டிருந்த ஒன்று கீழே இறங்கியது. கண்ணாடியில் காலூன்றியது. நிமிர்ந்து நின்றது. நடந்தது.

அதை மட்டும் ஒரு டம்ளரில் எடுத்தார். கொல்லிமலை வளைவுகளில் பாரவண்டியை ஓட்டி இறக்கிய மனுஷன், டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"நீங்களே மாத்துங்க டீச்சர். செத்துட்டா தாங்க மாட்டேன்."

"உங்க இறால்ணே."

ரப்பர் குழாயில் முடிச்சுப் போட்டு, டம்ளருக்குள் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீரை விட்டார். மதியம் டம்ளரை நல்ல தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்தார். இறால் அடியில் போய் விழுந்தது. அசையவில்லை. அவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

பிறகு அது எழுந்தது. பாசியைக் கிள்ளி, இரண்டு கையாலும் மாறி மாறி வாயில் வைத்தது.

"தின்னுது டீச்சர்! தின்னுது!"

தெருவே எட்டிப் பார்த்தது. அவர் அழுதார், சிரித்தார், பக்கத்துக் கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார். மூச்சு வாங்கி நின்ற பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"உங்களோட முதல் இறாலும் இப்படித்தான் எழுந்து நின்னுச்சா டீச்சர்?"

"எனக்கு ஒண்ணுகூட நின்னதே இல்லண்ணே. கொஞ்சம் தள்ளுங்க, நானும் பாக்கணும்."