பிரம்மநாயகம் அண்ணாச்சி பிடித்த மீன்கள்

ஆலடிக்குறிச்சியில் காந்தி ஜெயந்தி கிராம சபை என்றால் தெருவிளக்கைப் பற்றிக் கொஞ்சம் சத்தம் போடுவார்கள், டீ குடிப்பார்கள், கலைந்துவிடுவார்கள். இந்த வருஷம் சமுதாய நலக்கூடத்தில் நிற்க இடமில்லை. பாளையங்கோட்டையிலிருந்து உயிர்நேயச் சங்கத்தார் வந்திருந்தார்கள். பக்கத்து ஊர்களில் சேவல் சண்டையையும் முயல் வேட்டையையும் நிறுத்திக் காட்டியவர்கள், இப்போது குளத்துக்கு வந்துவிட்டார்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவதை ஊர்க் குளத்தில் தடை செய்ய வேண்டும் என்று தீர்மானம். வலை போட்டுப் பிழைப்பவர்களை அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மடை ஓரமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான் பாருங்கள், அவன்தான் குற்றவாளி.

கோயில்பிச்சைக்கு முதல் நாளே சோறு இறங்கவில்லை. வாரம் முழுக்க அரிசி ஆலையில் தவிட்டுத் தூசியும் மிஷின் இரைச்சலும்தான் அவன் பிழைப்பு. ஞாயிறு ஒரு நாள் தண்ணீரில் தூண்டில் தக்கை மிதப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால்தான் திங்கட்கிழமை அவனால் எழுந்திருக்க முடியும். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் எங்கே போவான்?

தூண்டில்காரர்கள் சார்பில் பேச பிரம்மநாயகம் அண்ணாச்சியை ஏற்பாடு செய்திருந்தார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உத்தியோகத்துக்குத்தான் ஓய்வு, வாய்க்கு இல்லை. போகிற வழியெல்லாம் கோயில்பிச்சை அவருக்குப் பாடம் நடத்தினான்.

“அண்ணாச்சி, சின்னக் கெண்டை, அதுவும் எப்பவாச்சும் ஒண்ணு. இதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்.”

“ஏல, நான் என்ன பச்சப் பிள்ளையா? எனக்கே சொல்லித் தாரியாக்கும்!”

முதலில் பேராசிரியை புஷ்கலா பேசினார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், உயிர்நேயச் சங்கத்துக்கு அவர்தான் எல்லாம். “கோழிக்கு வலிச்சா கத்தும். மீனுக்குக் கத்தத் தெரியாது. கத்தலைங்கிறதால வலிக்கலைன்னு நாமளே முடிவு பண்ணிக்கிறோம்” என்றார். கோயில்பிச்சைக்குச் சுருக்கென்றது. மீன் வாயிலிருந்து தூண்டில் முள்ளைக் கழற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறவன் அவன். அந்த அம்மாள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்று நினைத்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

அண்ணாச்சி எழுந்தார். “தாய்மார்களே, பெரியோர்களே, நாங்க பிடிக்கது சின்னக் கெண்டை. அதுவும் எப்பவாச்சும் ஒண்ணு.” சொன்னபடியே சொல்லிவிட்டார். கோயில்பிச்சை மூச்சு விட்டான்.

“ஐயோ பாவம்” என்றார் பேராசிரியை. “அவ்வளவு சின்ன மீனையா?”

அங்கேதான் வினை. அவர் மீனுக்குப் பாவப்பட்டார். அண்ணாச்சிக்கோ தன்னைப் பார்த்துப் பாவப்பட்டதாகப் பட்டுவிட்டது.

“சின்ன மீனா? யாரு சொன்னா?”

“நீங்கதான் ஐயா சொன்னீங்க.”

“அது அவையடக்கம், அம்மா! போன ஐப்பசியில நான் போட்ட விரால் என் தொடைத் தண்டி இருக்கும். அதைக் கொண்டுபோக சைக்கிள் பத்தாது. தலையை ஹேண்டில்பார்ல கட்டினேன், வால் தெருவைப் பெருக்கிக்கிட்டே வந்துது. அன்னைக்குத் தூப்புக்காரிக்கு லீவு விட்டாச்சுல்லா!”

கோயில்பிச்சை அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் கையைத் தட்டிவிட்டார். முன்வரிசையில் சங்கத்துப் பையன் ஒருவன் செல்போனில் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தான்.

“அதாவது பரவாயில்ல. கட்லா ஒண்ணு மாட்டுச்சு பாருங்க, அது என்னை இழுக்க, நான் அதை இழுக்க, கால்வாய் வழியா என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டு. மூணு ஊரு தாண்டிட்டோம். வழியில ஒரு டீக்கடைக்காரன் பாவம்னு கிளாசை நீட்டினான். ஒரு கையில தூண்டில், ஒரு கையில டீ. குடிச்சு முடிச்சு கிளாசைத் திருப்பிக் குடுக்க அடுத்த நாள்தான் போனேன்!”

“மீன் என்ன ஆச்சு?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“திரும்ப நம்ம குளத்துக்கே இழுத்துட்டு வந்து கரையில தூக்கிப் போட்டேன். குளத்துல தண்ணி ஒரு முழம் இறங்கிட்டு. கீழ வயக்காரன்லாம் மண்வெட்டியோட வந்துட்டான், பாசனத்தைக் கெடுத்துட்டீரேன்னு. வயித்தைக் கீறினா உள்ள பஞ்சாயத்துப் பரிசல் அப்படியே இருக்கு, துடுப்போட!”

பஞ்சாயத்துத் தலைவி ஆவுடையம்மாள் தீர்மானத்தைக் கீழே வைத்தார். “அண்ணாச்சி, நம்ம பஞ்சாயத்துக்குப் பரிசலே கிடையாதே!”

“எப்படி இருக்கும்? அதைத்தான் அது முழுங்கிட்டுல்லா!”

கூடம் சிரித்தது. பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. “குளத்துத் தண்ணியே இறங்கிப் போற அளவுக்கு மீன் பிடிக்கிறீங்க. இதை ஒப்புக்கறீங்களா?”

“ஒப்புக்கிடுதேன்!” என்று அண்ணாச்சி நெஞ்சை நிமிர்த்தினார்.

சங்கத்துப் பையன் செல்போனைத் தலைவிக்குக் காட்டினான். ஆவுடையம்மாள் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டார்.

ஆலடிக்குறிச்சித் தூண்டில்காரர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவன் கையை விரித்து மீனுக்கு அளவு சொன்னால் அடுத்தவன் அதைக் குறைக்கக் கூடாது. வேண்டுமானால் தன் மீனுக்கு ஒரு சாண் கூட்டிக்கொள்ளலாம். அண்ணன் தம்பி கோர்ட்டுக்குப் போனாலும் இந்த ஒன்றை மட்டும் யாரும் மீறியதில்லை. கோயில்பிச்சை எழுந்து நின்றான்.

“டீச்சரம்மா, அண்ணாச்சி இன்னைத் தேதி வரைக்கும் ஒரு மீன் பிடிச்சது கிடையாது.”

அண்ணாச்சி திரும்பி முறைத்தார். கோயில்பிச்சை நிறுத்தவில்லை.

“மண்புழுவைத் தொட அவருக்கு அருவருப்பு. முள்ளுல இட்லியைத்தான் கோப்பாரு. அது தண்ணியில கரைஞ்சுரும். மீனுங்க வந்து தின்னுட்டுப் போயிரும். நாங்களும் எப்பவாச்சும் ஒரு கெண்டைதான், சத்தியமா. எங்களுக்கு அங்க போயி உக்காரணும், அம்புட்டுதான்.”

சொல்லி முடித்து உட்கார்ந்துவிட்டான். அண்ணாச்சியை அவனால் பார்க்க முடியவில்லை.

பேராசிரியை மெதுவாகக் கேட்டார். “ஐயா, இவர் சொல்றது நிஜமா? நிஜம்னா நான் தீர்மானத்தைப் பத்தி யோசிக்கலாம்.”

தூண்டில்காரர்கள் எல்லோரும் அண்ணாச்சியையே பார்த்தார்கள். ஆமாம் என்றால் குளம் இருக்கும், அவர் பேர் போகும். இல்லை என்றால் பேர் இருக்கும், குளம் போகும். அவர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார், தொண்டையைச் செருமினார், கோயில்பிச்சையை ஒரு முறை பார்த்தார்.

“நிஜந்தான்” என்றார். “ஆனா இந்தப் பய பாதிதான் சொல்லுதான்.”

குரல் மெல்ல ஏறியது. “மீன் பிடிக்க எந்த மடையனாலும் முடியும். பிடிக்காம விடுததுக்குத்தான் ஆளு வேணும்! ஆறு இறங்குத பாபநாசத்துலேருந்து அது கடல்ல சேருத புன்னைக்காயல் வரைக்கும் என்னை மாதிரி மீன் பிடிக்காதவன் எவன் இருக்கான்? வரச் சொல்லுங்க பாப்போம்! என் வீட்டு இட்லியைத் தின்ன கெண்டைங்க, மறு வாரம் சட்னி எங்கேன்னு கேட்டு வாலால கரையைத் தட்டுது. இந்தக் குளத்துல இன்னைக்கு ஓடுத ஒவ்வொரு மீனும், அம்மா, நான் பிடிக்காம விட்டது!”

கூடம் அதிர்ந்தது. பேராசிரியையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சிரித்து முடித்து, “தீர்மானத்தைத் திருப்பி எடுத்துக்கறேன். ஆனா ஒண்ணு. இத்தனை உயிரைக் காப்பாத்தினவர் எங்க சங்கத்துக்கு இந்த ஊர்க் கிளைத் தலைவரா இருக்கணும்” என்றார்.

தலைவர் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அண்ணாச்சி கும்பிட்டுச் சம்மதித்தார். கைதட்டல், சால்வை எல்லாம் முடிந்து வெளியே வந்த பிறகுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. கோயில்பிச்சையை ஓரமாக இழுத்தார்.

“ஏல, சங்கத் தலைவர்னா நான் இனிமே தூண்டிலைத் தொடக் கூடாதோ?”

“தொடக் கூடாதுதான், அண்ணாச்சி.”

“அடப்பாவி! அப்போ மீனுங்க கதி?”

“இட்லியைக் கையாலேயே போட்டுருங்க” என்றான் கோயில்பிச்சை.