தென்னை மரத்து மருந்துப் பெட்டி

மந்தங்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இருக்கிறது. தேய்ந்துவிடக் கூடாதே என்று எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர்ச் சிறுமிகளின் கபடிக் குழுவுக்கு மாவட்டத்திலிருந்து ஒரு தாள் வந்தது. பிள்ளைகள் பாதுகாப்புக்கு மூன்று விதிகள். புதன்கிழமை அலுவலர் நேரில் வருவார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் ஞாயிற்றுக்கிழமை மாவட்டப் போட்டியில் ஆடலாம். குழுவின் கேப்டன் பேச்சிக்குப் பதின்மூன்று வயது. இந்த ஒரு போட்டிக்காக இரண்டு வருஷமாக விடியுமுன் எழுந்து ஓடியவள். அவளுடைய கெட்ட நேரம், தாள் போய்ச் சேர்ந்தது தலைவர் பிரமநாயகம், செயலாளர் மாசானம், பயிற்சியாளர் கொம்பையா என்ற மூன்று மேதைகளின் கையில்.

மாசானம் முதல் விதியை வாசித்தார். "சம்மதம் கேட்காமல் எந்தக் குழந்தையையும் தொடக் கூடாது."

"கபடியே தொடுற ஆட்டமாச்சே, வே," என்றார் பிரமநாயகம்.

"கேட்டுட்டுத் தொடச் சொல்லுவோம், அண்ணாச்சி."

"கபடி கபடின்னு மூச்சு விடாமப் பாடிட்டுப் போற புள்ள எப்படிவே கேக்கும்?"

அரை மணி நேரம் யோசித்தார்கள். பாடிப் போகிறவளுக்குப் பதிலாக மாசானமே கூடப் போய்க் கேட்பது என்று முடிவானது.

மறுநாள் பயிற்சியில் பேச்சி பாடிக்கொண்டு போனாள். பின்னாலேயே வேட்டியை மடித்துக் கட்டி, கையில் நோட்டும் பேனாவுமாக மாசானம். எதிர்ப்பக்கம் நின்ற ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டார்.

"ஏட்டி, பேச்சி ஒன்னயத் தொடலாமா?"

"வேண்டாம்."

"நீ என்னட்டி சொல்லுத?"

"எனக்கும் வேண்டாம்."

தொட்டால் அவுட். எந்தப் பிள்ளைதான் சரி என்று சொல்லும்? ஒரு மணி நேரம் ஆடியும் இரண்டு பக்கமும் சைபர்தான்.

"மாஸ்டர், இப்படி ஆடுனா தோத்துதான் வருவோம்," என்று அழாத குறையாகச் சொன்னாள் பேச்சி.

"தோத்தா என்னட்டி? ஒரு கீறல் இல்லாமத் தோப்பீங்க!" என்றார் கொம்பையா. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது விதி, மருந்துப் பெட்டி குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். அலமாரி மேல் வைத்தார்கள். எட்டுகிறதா பார் என்றதும் பேச்சி ஸ்டூல் போட்டு எடுத்துவிட்டாள். கூரை மேல் வைத்தார்கள். ஏணி போட்டு எடுத்துவிட்டாள். கடைசியில் ஒரு மரமேறியைக் கூப்பிட்டு, மைதானத்து ஓரத் தென்னையின் உச்சியில் கட்டிவிட்டுத்தான் மூன்று பேரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

மூன்றாவது விதி, பெரியவர் எவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது.

புதன்கிழமை அலுவலர் ரெஜினா வந்து இறங்கினார். தலைவரும் செயலாளரும் மாலையோடு சுவருக்கு வெளியே நின்றார்கள். மைதானத்தில் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கப் போயிருக்க, பேச்சி மட்டும் முதலில் திரும்பினாள். கொம்பையா சுற்றுமுற்றும் பார்த்தார். வேறு ஒருவரும் இல்லை.

"வராதட்டி, அங்கேயே நில்லு!" என்று அலறிக்கொண்டே ஓடிச் சுவரேறிக் குதித்தார். நேராக அலுவலரின் காலடியில் விழுந்தார். முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது.

"மருந்துப் பெட்டி எங்க?" என்று பதறினார் ரெஜினா.

மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவரும் அண்ணாந்து பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார்.

மரமேறியோ பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குப் போயிருந்தார். யார் ஏறுவது என்று முடிவெடுக்க அவசரக் கூட்டம் கூடியது. கொம்பையா படுத்தபடியே கலந்துகொண்டார். மாசானம் நோட்டில் தேதி எழுதி முடிப்பதற்குள், இளநீருக்காக ஏறிப் பழகிய பேச்சி மேலே போய், பெட்டியை அவிழ்த்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"தொடலாமா, மாஸ்டர்?" என்று முறைப்படி கேட்டுவிட்டுக் கட்டும் போட்டாள்.

ரெஜினா கையெழுத்துப் போட்டார். "இந்தப் பொண்ணு இருக்கற வரைக்கும் நீங்க மூணு பேரும் பத்திரம்," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். பேச்சி சந்தோஷத்தில் மைதானத்தை மூன்று சுற்று ஓடினாள்.

பிரமநாயகத்தின் முகம் மட்டும் தெளியவில்லை. "கவனிச்சீரா, வே? பெட்டி ஒரு கொழந்த கைக்கு எட்டிருச்சு."

பெரிய தவறுதான் என்று மற்ற இருவரும் ஒப்புக்கொண்டார்கள். பெட்டியை அதைவிட உயரமான பனைக்கு மாற்றுவது என்றும், அது குழந்தைகளுக்கு எட்டவில்லை என்று உறுதி செய்யத் தினமும் காலையில் பேச்சியை ஏறிப் பார்க்கச் சொல்வது என்றும் தீர்மானம் நிறைவேறியது.

"புள்ள விழுந்து கிழுந்து வச்சா?" என்றார் மாசானம்.

"என்ன பேச்சுவே பேசுதீரு? மருந்துப் பெட்டிதான் அங்கேயே இருக்கே!"