உறை பிரிக்காத நாற்காலிகள்

ஒருவருக்கு உரிய பொருள் உங்கள் கையில் இருக்கிறது. அவருடைய வீடும் உங்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, எந்த நாளுக்காகக் காத்திருப்பீர்கள்? இதற்கு ஒரு விடையை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றின் விரிவாக்கப் பணி மையத்தில் இசக்கியப்பன் ஒருங்கிணைப்பாளர். தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். மையத்தின் தலைவர் பேராசிரியை பொற்செல்வியிடம் ஆய்வு மாணவராகவும் சேர்ந்திருந்தார். ஆசிரியை தம்மைவிடப் பதினைந்து வயது இளையவர் என்பது அவருக்கு ஒருநாளும் உறுத்தியதில்லை. எழுந்து நின்றுதான் பேசுவார்.

ஆனி மாதத்தில் மையம், நடக்க இயலாத பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலி செய்யக் கொடுத்தது. இயன்முறை மருத்துவர் ஒருவர் வீடுவீடாகச் சென்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இடுப்பும் தொடையும் முழங்காலும் அளந்து வந்தார். ஆவணியில் நாற்காலிகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் ஒட்டியிருந்தது.

விழா எடுத்துத்தான் வழங்க வேண்டும் என்றது நிர்வாகம். சிறப்பு விருந்தினர் தேதி கொடுத்தார். பிறகு மாற்றினார். மறுபடியும் இரண்டு முறை மாற்றினார். ஃபிளக்ஸ் பதாகை மட்டும் மூன்று முறை அச்சானது. புகைப்படத்தில் புதிதாகத் தெரிய வேண்டுமே என்று, நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையைக்கூட எவரும் பிரிக்காதபடி இசக்கியப்பன் பார்த்துக்கொண்டார்.

கார்த்திகை பிறந்தது. ஒரு நாள் காலையில், பிள்ளைகளுள் ஒருத்தியின் தாய் தொலைபேசியில் அழைத்து நாற்காலி எப்போது வரும் என்று கேட்டாள். அது அவளுடைய ஐந்தாவது அழைப்பு. தை மாதத்தில் விழா உறுதி என்று இசக்கியப்பன் சொன்னார். எதிரே அமர்ந்திருந்த பொற்செல்வி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

போனை வைத்துவிட்டு இசக்கியப்பன் எழுந்து நின்றார்.

"மேடம், கொடுக்கிறதைச் சபையில வச்சுக் கௌரவமாக் கொடுக்கிறது தப்பா? நாலு பேர் பாத்தாத்தானே அடுத்த வருஷம் இன்னும் நாப்பது பேருக்கு வரும்?"

பொற்செல்வி மேசை இழுப்பறையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"அந்த அம்மா வீட்டுக்குப் போவோம் சார். ஆனியில எடுத்த அளவை நீங்களே ஒரு தடவை சரிபாத்துடுங்க."

நண்பகலில் போய்ச் சேர்ந்தார்கள். ஒரே அறை கொண்ட வீடு. தாய் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். மகள் முப்பிடாதிக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்துத் தெருவில் இருந்த தொடக்கப் பள்ளிக்குத் தாய் அவளை இடுப்பில் சுமந்தே போய்வந்தாள். உயர்நிலைப் பள்ளியோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நாற்காலி வந்துவிடும் என்று நம்பித்தான் அங்கே பெயர் எழுதியிருந்தார்கள். இதுவரை அவள் வகுப்பறையைப் பார்த்ததில்லை.

அவள் பாயில் குப்புறப் படுத்திருந்தாள். விழாவுக்கென்று தைத்த மஞ்சள் பாவாடை கொடியில் தொங்கியது.

"இந்த வாட்டி யாரு சார் வாறாக?" என்று தலையை மட்டும் தூக்கிக் கேட்டாள். "போன வாட்டி வாறேன்னவுகளுக்கு இன்னும் சோலி முடியலையோ?"

தாய் அவளை அதட்டினாள். இசக்கியப்பன் சிரித்தார். நல்ல துடுக்கான பிள்ளை என்று பாராட்டிவிட்டு, மண்டியிட்டு நாடாவை விரித்தார். பிள்ளையைச் சற்று நிமிர்த்தி உட்கார வைக்கும்படி சொன்னார்.

தாய் அசையவில்லை.

பிறகு தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னாள். நாள் முழுதும் வெறுந்தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து, புரட்டாசியில் ஒரு புண் வந்தது. கிராமச் செவிலியர் மருந்து போட்டுப் பார்த்தார். புண் எலும்புவரை போய்விட்டது. இனி பல மாதம் உட்காரவே கூடாது, அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம் என்கிறது மருத்துவமனை. முழங்கால்களும் மடங்கியபடியே இறுகிக்கொண்டு வருகின்றன.

இசக்கியப்பன் தாயை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை தடவை போன் பண்ணீங்களே தாயி, இதை ஏன் சொல்லல?"

"சொன்னா, நாற்காலியை வேற பிள்ளைக்குக் குடுத்துருவீகளோன்னு பயந்துட்டேன் சார்."

நாடாவை எங்கே வைத்து அளப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டார். முப்பிடாதி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

திரும்பும் வழியில் வண்டி பாதித் தொலைவு வந்திருந்தது.

"விழாவைத் தள்ளிவைக்கிற கடிதம் மூணையும் நான்தான் எழுதினேன்," என்றார் இசக்கியப்பன்.

"மூணுலயும் கையெழுத்துப் போட்டது நான்."

மையத்தின் வாசலில் வண்டி நின்றது. நாளைக் காலையில் முதல் வேலையாகப் பதிவாளரைப் பார்த்து, விழா இல்லாமலே வழங்க அனுமதி கேட்பதாக இசக்கியப்பன் சொன்னார். நல்ல முறையில் விளக்கினால் ஒரு வாரத்தில் கிடைத்துவிடும் என்றும் சொன்னார்.

பொற்செல்வி வண்டியைவிட்டு இறங்கவில்லை.

"இன்னும் பதினோரு பிள்ளைங்க இந்த நேரத்துல தரையிலதான் உக்காந்திருக்காங்க சார். பதிவாளருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நாற்காலிகளை வண்டியில ஏத்தச் சொல்லுங்க. நாளைக்கு வேண்டாம். இன்னைக்கே, இப்பவே போவோம்."